நாக்கு மேஸ்திரியும் என் இட்லி எண்ணெயும்

வட ஆற்காடு ஜில்லாவுலயே சாம்பிள் தோல் மேல இட்லி எண்ணெய ஊத்தின ஒரே குமாஸ்தா நான்தான். அதே மாதிரி, உலகத்துலயே எதையும் நக்கிப் பாத்துட்டு அபிப்பிராயம் சொல்ற ஒரே மனுஷன் எங்க ஆம்பூர் தோல் பதனிடற ஷாப்பு நாக்கு மேஸ்திரிதான்.

தோல்ல இருக்கற கொழுப்பை இழுக்க ஒரு வெளிர் மண்ணைத் தூவுவாங்க. அது தேறுமான்னு பாக்கறது அவரு வேலை. கட்டியை நாக்குல வெப்பாரு. ஒட்டிக்கிட்டா நல்ல மண்ணு. வழுக்கினா ஈரம் ஜாஸ்தி. பழக்கம் முத்திப்போய் செங்கல், பானை, ரயில்வே ஸ்டேஷன் தூண் எதையும் விடலை. பொண்ணு பாக்கப் போன வீட்டுல, "பொண்ணு எப்டி?"ன்னு கேட்டாங்களாம். "செவுரு இன்னும் காயல"ன்னாராம்.

மண்ணுல சுண்ணாம்பு கலந்திருந்தா புளித்தண்ணில ஊற வெப்பாரு. புஸ்ஸுன்னு பொங்கும். "மண்ணுக்கு மூக்கடைப்பு எடுக்கறேன்"பாரு. அப்பறம் அலசி, ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சு, சட்டியில மூடி வெப்பாரு.

ஒருநாள் சாம்பிள் தோலைப் பாக்க மெட்ராஸ் வியாபாரி சாயங்கால ரயில்ல வர்றதா இருந்துது. காலைல சாம்பிள் தோலைப் பக்கத்துல வெச்சுக்கினு இட்லி துன்னேன். எண்ணெக் கிண்ணம் சாஞ்சுது. தோல் நடுவுல ஏலகிரி மலை சைஸுக்கு ஒரு கறை. முதலாளி பாத்தா வேலை காலி. அந்த வாரத்துல அது எனக்கு மூணாவது தப்பு. கறை போவ தண்ணி வேணாமா? மேஸ்திரியோட சட்டி மண்ணு மொத்தத்தையும் தண்ணி ஊத்திக் குழைச்சு அப்பினேன். எண்ணெ அசையல.

மேஸ்திரி வந்து நின்னாரு. "இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

"மண்ணு எண்ணெய இழுக்கல மேஸ்திரி."

"எப்டி இழுக்கும்? வயிறு முட்ட தண்ணி குடிச்சவன் முன்னாடி பிரியாணி வெச்சா துன்னுவானா?"

தோலைத் துடைச்சு நெழல்ல போட்டாரு. மண்ணை இரும்புச் சட்டியில வறுத்தாரு. காஞ்சுதான்னு பாக்கணுமே? ஆற வெக்க நேரம் இல்ல. கொதிக்கற கட்டியை அப்டியே நாக்குல வெச்சாரு. கண்ல தண்ணி வந்துது. கட்டி ஒட்டிக்கிச்சு.

பொடிச்சுத் தூவினாரு, தட்டினாரு, மறுபடியும் தூவினாரு. வியாபாரியோட வண்டி வாசல்ல நின்னப்போ கறை போன எடம் தெரியல. வியாபாரி தோலைத் தடவிப் பாத்துத் தலையாட்டினாரு. என் வேலை தங்கிச்சு.

மறுநாள் மேஸ்திரிக்குன்னே சொல்லி, காரம் ஜாஸ்தியா போட்ட மட்டன் பிரியாணி வாங்கிட்டுப் போனேன். மேஸ்திரி பொட்டலத்தைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. எனக்காக வெந்து வீங்கின நாக்கை மெதுவா அசைச்சு சொன்னாரு:

"நீ திருந்தமாட்ட. போய் மோர் வாங்கினு வா."