பிள்ளையின்ரை பக்கம்

குருநகர் செபநாயகம் வாழ்க்கையில் எடுத்த ஆகப்பெரிய தீர்மானம், மனைவி ஸ்ரெல்லாவுக்குத் தெரியாமல் லப்டொப்பில் பிஎச்பி ஏற்றுவது.

மகள் றொசாந்தி டெங்குக் காய்ச்சலில் செத்து எட்டு மாதம். அவளுடைய லப்டொப்பில் 'வீடு' என்றொரு கோப்பு கிடந்தது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் அவள் செய்த இணையப் பக்கம். செபநாயகம் திறந்தால் பக்கம் வராது. புரியாத குறிகள்தான் கொட்டும். தாய் பார்த்தால் உடைந்துபோவாள், முதலில் தான் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார்.

பக்கத்து வீட்டு எமில்ராஜைப் பிடித்தார்.

"பிஎச்பி மட்டும் ஏத்தினாக் காணும், அண்ணை."

"பக்கத்தை எடுத்துத் தாற சேர்வரும் வேணுமாமே?"

"தனிய ஒண்டும் வேண்டாம். அதுக்குள்ளையே சின்னனா ஒண்டு இருக்கு. ஒரு வரி அடிச்சா எழும்பும்."

"என்னை மாதிரி எண்டு சொல்லன். நானும் ஸ்ரெல்லா ஒரு சொல்லுச் சொன்னா எழும்பிற ஆள்தானே."

எமில்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. வரியைக் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரெல்லா பூசைக்குப் போனாள். செபநாயகம் பிஎச்பியை இறக்கினார், ஏற்றினார், திரையில் வந்த கறுப்பு யன்னலில் வரியை அடித்தார். அந்த விலாசத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கு என்றது கணினி. மூன்று தரம் அடித்தார். மூன்று தரமும் அதே பதில். பிள்ளைக்காக இதைக்கூடத் தன்னால் செய்ய முடியவில்லையே என்று கண் கலங்கிவிட்டது.

"என்ன செய்யிறியள்?"

பின்னால், பூசை முடிந்து வந்த ஸ்ரெல்லா.

"கரண்ட் பில் பாக்கிறன்."

"கொஞ்சம் அரக்குங்கோ," என்று அவரை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

கீழே ஒளிந்து கிடந்த இன்னொரு கறுப்பு யன்னலை அவள் எழுப்பினாள். "நான்தான் சேர்வரை நிப்பாட்டாமல் லப்டொப்பை மூடி வைச்சிட்டன். பிஎச்பி முதலே இருக்கு. பிள்ளை ஏத்தினது. எனக்குக் காட்டியும் தந்தவள்."

"அப்ப நீர் இவ்வளவு நாளும்..."

"ஓம். ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

பக்கம் விரிந்தது. 'அம்மாவுக்கு அப்பா சொன்ன பொய்கள்' என்று தலைப்பு. சுருட்டை விட்டிட்டன் எண்டது. பல்லுக்கொதி என்று கலியாண வீட்டுக்குப் போகாமல் படுத்தது. முப்பத்தொன்பது வரைக்கும் றொசாந்தி எழுதியவை.

நாற்பதாவது ஸ்ரெல்லா எழுதியது: 'பயப்பிட ஒண்டுமில்லையாம், டொக்டர் சொன்னவர்.'

செபநாயகம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கு அண்டைக்கு ஆஸ்பத்திரியிலையே விளங்கினது," என்றாள் ஸ்ரெல்லா. "நீங்கள் கஷ்டப்பட்டுச் சொன்னதாலை நம்பின மாதிரி இருந்தனான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினாள்.

'நாற்பத்தொன்று: கரண்ட் பில் பாக்கிறன்.'