அந்தப் பக்கம் போன கோல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது நல்ல கோல். ஓடுகிற ஓட்டத்திலேயே இடது காலால் அடித்து, வலது மேல் மூலையில் செருகிய கோல். யார் என்ன பேசினாலும் இந்த விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. போன பக்கம் வேண்டுமானால் தப்பாக இருக்கலாம்.

நெய்வேலி மைதானங்களில் பதினைந்து வருடம் ஸ்ட்ரைக்கராக ஆடியவன் நான். தலையால் அடித்த கோல், முழங்காலால் அடித்த கோல், கீழே விழுந்து கிடந்தபோது முதுகில் பட்டு உள்ளே போன கோல் (அதுவும் என் கோல்தான், சந்தேகமே வேண்டாம்) என்று எத்தனையோ உண்டு. ரசிகப் பெருமக்களுக்கு அதில் ஒன்றுகூட நினைவில்லை. மெயின் பஜாரில் நான் பாட்டுக்குக் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து குரல் வரும். "டேய், சேம் சைடு செல்வம்டா!" கத்திரிக்காய்க்காரரும் சிரிப்பார். அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்ததுகூட இல்லை.

அப்போது நான் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து நிலக்கரி மைன்ஸுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் டீமுக்கு ஆடுவேன். அந்த வருடம் பிளாக்குகளுக்குள் கப்புக்கான போட்டி நடந்துகொண்டிருந்தது. எங்கள் கோல் கீப்பர் முருகேசன் என் உயிர் நண்பன். அவன் தங்கை மாலதியை நான் விரும்பினேன். அவளும்தான் (இதை என்னிடம் அவள் இன்றுவரை வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை). அவர்களுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் பெர்மனென்ட் ஆனவர். குவார்ட்டர்ஸ், பின்னால் ஒரு பலாமரம், கால்பந்துப் பைத்தியம், இவைதான் அவர் சொத்து. மாலதி விஷயத்தைப் போட்டு உடைத்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கான்ட்ராக்ட் பையனுக்கு என் பெண்ணா என்று முகத்துக்கு நேரே கேட்க அவருக்கு மனசு வரவில்லை.

"ஃபைனல்ல ஜெயிச்சு, கப்பத் தூக்கிட்டு வாடே. பொறவு பேசுவோம்."

நாங்கள் ஜெயிக்க மாட்டோம் என்ற தைரியத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் முருகேசன் ஃபைனல்வரை ஒரு கோல்கூட வாங்கவில்லை. நானும் நல்ல ஃபார்மில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு என்ன கலர் என்பதுவரை மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஃபைனல் நாலு மணிக்கு. எனக்கு முதல் ஷிப்ட், இரண்டு மணிக்கு முடிந்துவிடும். முடிந்திருக்க வேண்டும். எனக்கு அடுத்து வரவேண்டிய ரிலீவர் வரவில்லை. ஆள் மாற்றாமல் நிலக்கரி ஓடும் பெல்ட்டை விட்டு நகரக்கூடாது.

"அண்ணே, என் வாழ்க்கையே போயிக்கினு இருக்குதுண்ணே" என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன்.

"அது எங்கடா போவப்போவுது? ரிலீவர் வர்ற வரைக்கும் நில்லு."

ரிலீவர் நாலரைக்கு வந்தான். பலகாரம் தின்ற கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவனுடன் இன்றும் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

சைக்கிளை மிதித்து மைதானம் சேர்ந்தபோது இரண்டாவது பாதி தொடங்கியிருந்தது. இருபக்கமும் கோல் இல்லை. மத்தியானம் பெய்த மழையில் மைதானம் செம்மண் குழம்பாகக் கிடந்தது. இரண்டு டீம் ஜெர்ஸியும் ஒரே நிறம், செம்மண் நிறம். கோச் என்னைப் பார்த்ததும் ஒருவனை வெளியே இழுத்து, "போடா, போடா" என்று முதுகில் அறைந்து உள்ளே தள்ளினார். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தை ரசிகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

எங்கள் டீமுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவது பாதியில் அனல்மின் நிலையத்தின் கூலிங் டவர் இருக்கும் பக்கமாகத்தான் கோல் அடிப்போம். சாயங்கால வெயில் எதிர் கீப்பரின் கண்ணைக் குத்தும் என்பது கணக்கு. டாஸ் ஜெயித்தால் அதற்குத் தகுந்த பக்கத்தைத்தான் கேட்போம். ஃபைனல்வரை டாஸ் எங்களுக்கே விழுந்தது. அன்று விழவில்லை, அது எனக்குத் தெரியாது.

முதல் தொடுதலிலேயே பந்து காலில் ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தேன், கூலிங் டவர் தெரிந்தது, ஓடினேன். எதிர் அணிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். என் வேகத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். இரண்டு பேர் மட்டும் வெறிபிடித்த மாதிரி குறுக்கே விழுந்து கத்தினார்கள். இருவரையும் ஏமாற்றிக்கொண்டு போனேன். கேலரியே எழுந்து நின்று அலறியது. அதில் மாலதியின் குரல் தனியாகக் கேட்டது. "அந்தப் பக்கம் இல்ல! அந்தப் பக்கம் இல்ல!" கத்தல் காதில் விழுந்தது, விஷயம் விழவில்லை. ஓடிக்கொண்டே அவளைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினேன்.

கீப்பர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். பந்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தானாம். வலதுபக்கம் போக்குக் காட்டி இடதுபக்கம் விலகி அடித்தேன். மூலையில் வலை குலுங்கியது. நண்பனின் முகம்கூடவா தெரியவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. கீப்பரின் முகத்தைப் பார்த்து அடிப்பவன் ஸ்ட்ரைக்கரே அல்ல.

மண்டியிட்டுச் சறுக்கிக்கொண்டு போனேன். என்மேல் வந்து விழுந்து கட்டிப்பிடித்தவர்கள் எல்லாரும் எதிர் அணிக்காரர்கள். அவர்கள் கட்டிப்பிடித்ததில் உண்மையான அன்பு இருந்தது. சகதியில் உட்கார்ந்திருந்த முருகேசன் அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தான். உடனே கேலரியைத் திரும்பிப் பார்த்தேன். கைதட்டலுக்காக அல்ல, மாலதிக்காக. ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வருவது வரட்டும் என்று அவர்கள் வீட்டுக்கே போனேன். தோற்ற துக்கத்தை ஆற்ற முருகேசனுக்குக் கோழிக்குழம்பு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"கப்பு எங்கடே?" என்றார் அவர்கள் அப்பா, தலை நிமிராமல்.

மாலதி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ஏம்ப்பா, அவர் அடிச்சாரு, அண்ணன் விட்டான். பந்தைப் பிடிக்கிறதுதானே இவன் வேலை? விட்டவனுக்குக் கோழி, அடிச்சவருக்கு வாசற்படியா? இதே கோலை ஒரு பெர்மனென்ட் பையன் அடிச்சிருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பீங்க."

முருகேசன் வாயில் எலும்போடு அப்படியே உறைந்துவிட்டான். அவர்கள் அப்பா தன் சோற்றைப் பிசைந்தார். பிறகு உள்ளே பார்த்துத் தன் மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, அந்தப் பையனுக்கும் ஒரு தட்டு போடு."

அதுதான் எனக்கு நிச்சயதார்த்தம்.

அதற்குப் பிறகு நான் எங்கே ஆடினாலும், பந்து என் காலுக்கு வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று அடிக்க வேண்டிய பக்கத்தைக் கைகாட்ட ஆரம்பித்தது. அன்று பிறக்காத பிள்ளைகள்கூடப் பிறந்து வளர்ந்து வந்து கைகாட்டினார்கள். இந்தப் பொங்கலுக்கு மூத்தோர் ஆட்டம் வைத்தார்கள். எனக்கு முழங்கால் வலி, முருகேசனுக்குத் தொப்பை. அவன் எதிர் டீமின் கீப்பர். பந்து வந்தது, கேலரி எழுந்தது, ஆயிரம் கைகள் ஒரே திசையில் நீண்டன. என் மகளும் கைகாட்டினாள். மாலதி மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடித்தேன். இடது கால், வலது மேல் மூலை, சரியான பக்கம். முருகேசன் விழுந்தான், பந்து உள்ளே போனது.

வீட்டுக்கு வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் மாலதியைக் கேட்டேன். "ஊரே கைகாட்டுச்சு, நீ ஏன் காட்டல?"

"எதுக்குங்க காட்டணும்?" என்றாள், எனக்குக் கோழிக்காலை வைத்துக்கொண்டே. "நீங்க எந்தப் பக்கம் அடிச்சாலும் எங்க அண்ணன் விட்டுடுவான்."