வேலியோரத்துக் காட்டுப்பாவல்

வித்துரா,
கொல்லம் ஆண்டு 1110, ஆனி

மரியாதைக்குரிய மச்சான் சத்தியநேசனுக்கு, தாசையன் சொல்லச் சொல்ல உம்முடைய மருமகள் ஞானபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நாங்கள் சுகம், பசுவும் சுகம், உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

மச்சான், வருகிற வாரம் நிச்சயத்துக்கு நீர் புறப்பட வேண்டாம். அடுத்த வீட்டுச் செல்லபாய் மகனுக்கு, இதை எழுதுகிற நம்ம பெண்ணைக் கொடுக்கிறதாக இல்லை. காரணம் காட்டுப்பாவல். போன வருஷம் பொன்முடிப் பாதையில் பஸ் படுத்துவிட்டது, டிரைவர் நெய்யாற்றின்கரைக்காரன், ரெண்டு பொண்டாட்டி, அது கிடக்கட்டும், இறங்கி நின்ற இடத்தில் புதர் நிறைய முள்ளுமுள்ளாய்க் காய். ரெண்டு கொடியைக் கிழங்கோடு தோண்டி வந்தேன். ஒன்று என் வேலிக்கு, ஒன்று செல்லபாய்க்கு, என் கையாலேதான் கொடுத்தேன். இந்த மழைக்கு என் வேலி பூரா மஞ்சள் பூ, காய் ஒன்றுகூட இல்லை. அவள் பக்கம் முள்ளம்பன்றிக் குட்டிபோல தொங்குகிறது. வறுத்து நமக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்பினாள். ருசிதான். மனசில் களவு இல்லாதவள் எதற்குக் கொடுக்கணும், சொல்லும்?

விடியற்காலம் பசுவுக்குப் பின்னால் குந்தியிருந்து பார்த்தேன். வேலிக்கு மேலே கைநீட்டி என் கொடியில் பூப் பறித்து மடியில் கட்டுகிறாள். கேட்டால், “நாலு பூதானே அண்ணே” என்று சிரிக்கிறாள். பூவைப் பறித்தால் காய் எங்கேயிருந்து வரும்? செய்வினையோ என்னவோ. இன்றைக்குப் பூ, நாளைக்கு வேலி. ஞானபாய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறாள், வாசித்துக் காட்டச் சொன்னால் இருமுகிறாள், அதிலும் எனக்குச் சந்தேகம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் சமாதானமும் ஆசீர்வாதமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தாசையன் (கைநாட்டு)

பி.கு.: மாமா, இது நானே எழுதுவது. சொல்லி முடித்த கையோடு அப்பா நம்ம கொடியைக் கிழங்கோடு தோண்டி ஆற்று வெள்ளத்தில் எறிந்துவிட்டார். செல்லபாய் மாமி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். நம்முடையது ஆண்கொடியாம், என்றைக்கும் காய்க்காதாம். அதன் பூவைத் தன் கொடிப் பூவில் தேய்த்துத்தான் மாமி காய் பிடிக்க வைத்தாளாம். அப்பா இப்போது நிச்சயத்தை நிறுத்த வேண்டாம் என்கிறார். மாமிதான் மசியவில்லை. “அண்ணே, ஒம்ம மகள நான் பொறவு கூட்டிட்டுப் போறேன். மொதல்ல எங்க கொடிக்கு ஒரு மாப்பிள கொண்டு வாரும்” என்கிறாள். வேறு கடுதாசி இல்லாததால் இதிலேயே எழுதுகிறேன். கட்டாயம் வாருங்கள் மாமா. வருகிற வழியில் ஒரு கொடி தோண்டிக்கொண்டு வாருங்கள். நல்ல கொடி என்று நினைத்து, காய்த்ததைக் கொண்டு வந்துவிடாதீர்கள்.