மொட்டைமாடியில் காய்ந்த காந்தத்தூள்

பொம்மையார்பாளையத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தது, ஏறத்தான் முகமில்லை. உள்ளங்கை முழுக்கச் செங்கல் நிறம். கொலை செய்துவிட்டு வருகிறவன் மாதிரி இருந்தேன். (ஒரு வகையில் அப்படித்தான்.)

2005 கோடை. சுனாமித் தண்ணீர் மரக்காணத்து உப்புப் பாத்திகளைக் கெடுத்துப்போட்ட பிறகு, ஒன்பதாவதைத் தாண்டாத நான், புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குவளை கழுவினேன். அங்கே ஆராய்ச்சி செய்த சுமதி மேடம், கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான காந்தத்தூள் செய்வார். இரண்டு வகை இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே அம்மோனியாவைச் சொட்டுவார். டீ நிறத்தில் இருந்தது சட்டென்று மையாகக் கறுக்கும். அடியில் காந்தத்தை வைத்தால் கறுப்பெல்லாம் ஓடிவந்து ஒட்டும். நான் தினமும் வாயைப் பிளப்பேன்.

அன்று செய்ததோடு இரும்பு உப்பு தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை பேராசிரியர் அந்தத் தூளைச் சோதனைக்குச் சென்னை கொண்டுபோக வேண்டும். தவறினால் படித்தது போதும் என்று மேடத்தின் அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்.

"காத்து படாம காயணும் அண்ணே. காத்த உறிஞ்சி எடுக்குற பம்ப்பு ரிப்பேரு. மெக்கானிக்கக் கூட்டிட்டு வர்றேன், தொடாதீங்க" என்று போனார்.

தொடாதீங்க என்றதை, எனக்கு எதற்குச் சிரமம் என்று மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். காற்றடித்தால் தூள் பறந்துவிடும், அதுதானே? மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி மறைவில், தட்டில் மெல்லிசாகப் பரப்பினேன். உப்பைக் கிளறுவதுபோல் அரைமணிக்கொரு தரம் கையாலேயே கிளறினேன். (பரம்பரைத் தொழில் அல்லவா?) கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சிவந்தது. நன்றாகக் காய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

"இன்னா அண்ணே இது?" மெக்கானிக்கோடு திரும்பிய மேடம் மாடிக்கே வந்துவிட்டார்.

"மொறுமொறுன்னு காஞ்சிடுச்சி மேடம்!"

அவர் காந்தத்தை நீட்டினார். தூள் தாவி ஒட்டியது.

"பாருங்க, ஒட்டுதே!"

"ஒட்டுது அண்ணே. ஆனா இது அது இல்ல. காத்து பட்டு மாறிப்போச்சி."

திட்டவில்லை. திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். போனை எடுத்து, "நான்தாம்பா தப்பு பண்ணிட்டேன்" என்றார் அப்பாவிடம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

ஆவணியில் அவருக்குக் கல்யாணம் ஆனதாகக் கேள்வி. என் மனைவி இன்றுவரை மிளகாய் காயவைக்க என்னை விடுவதில்லை. "அவரு கையில குடுக்காதீங்க, வேற ஏதாவதா மாறிடும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

படியிறங்கி நடந்த அன்று இரவு அனுமந்தையில் ஒரு படகோரம் படுத்துவிட்டு, காலையில் மரக்காணம் போய்ச் சேர்ந்தேன். உப்பளத்தில் மறுபடி வேலை தொடங்கியிருந்தது.

"இன்னாடா வேல தெரியும்?" என்றார் புதிதாக வந்திருந்த மேஸ்திரி.

"வெயில்ல காயவெக்கத் தெரியுங்க."

உப்பு வாரும் பலகையைக் கையில் கொடுத்தார். கை இன்னும் சிவந்தே இருந்தது.