ஓர்க் கோட்டையை நான் நிமிர்த்திய விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். என் மூட்டுவலியும் எங்களோடு சுகமாகவே இருக்கிறது. புது வீட்டில் நீங்களும் மகளும் சௌக்கியம் என நம்புகிறேன். பெட்டியைத் திறக்கும் முன், தயவுசெய்து இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

வீடு மாற்றும்போது சாமான்களோடு நசுங்கிவிடக் கூடாது என்று, ஏழு மாதம் உழைத்துச் செய்த கோட்டையைப் பெட்டியில் வைத்து என்னிடம் ஒப்படைத்தீர்கள். “விளையாட்டுச் சாமான்தான் மாமா, ஆனா பத்திரம்” என்றீர்கள். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். ஈரம் ஏறியிருக்குமோ என்று போன மாதம் திறந்து பார்த்தேன். மதில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, காவல் கோபுரம் விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது, ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை, தகரம் முழுக்கத் துரு. மாப்பிள்ளையின் பொருள் நம் வீட்டில் நொறுங்கிவிட்டதே என்று வியர்த்துப் போனேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தவன் சும்மா இருப்பேனா? ரசமட்டம், மூலைமட்டம், உப்புத்தாள் மூன்றையும் எடுத்தேன். வேலிக் குச்சிகள் முப்பத்தெட்டையும் ஒரே உயரத்துக்கு அறுத்தேன். துருவைத் தேய்த்து வெள்ளிப் பூச்சு அடித்தேன். கோட்டை வாசலில் இறைந்து கிடந்த பொம்மை மண்டையோடுகளை, காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல, குட்டையானது முன்னே நெட்டையானது பின்னே என்று நிறுத்தினேன். மழைநீர் வடிய ஒரு வாய்க்காலும் வெட்டினேன்.

போன திங்கட்கிழமை மகள் வீடியோவில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை போட்டி இருக்கிறது, கோட்டையைப் பார்சலில் அனுப்புங்கள் என்றாள். நான் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். அவள் போனை மூக்கருகே கொண்டுவந்து பார்த்தாள்.

“அப்பா, இது என்ன, தபால் ஆபீஸா?”

“கோட்டைம்மா. சரி பண்ணியிருக்கேன்.”

“ஐயோ, அது ஓர்க்குங்களோட கோட்டைப்பா!”

“ஓர்க்னா யாரும்மா?”

“பச்சைத் தோல், கோரைப்பல், குண்டாந்தடி. கதையில வர்ற முரட்டுக் கூட்டம். மேசை மேல பொம்மைப் படையை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை விடுவாங்க. அந்தச் சண்டைக்குத்தான் இந்தக் கோட்டை. அதுங்க கொள்ளையடிச்ச பலகையைக் கண்டபடி அடிச்சுக் கட்டுற ஜாதி. அவரு ஒவ்வொரு கோணலையும் யோசிச்சு யோசிச்சு செஞ்சாரு. துருவுக்கு மட்டும் மூணு வாரம்!”

“கோணலுக்கா யோசிச்சார்?”

“போட்டியில மார்க்கே கோணலுக்குத்தாம்ப்பா! அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க.”

மாப்பிள்ளை, வாழ்நாள் முழுக்கக் கோணலுக்கு மார்க் குறைத்தவன் நான். இருந்தாலும் மனம் தளரவில்லை, கோணலாக்க உட்கார்ந்தேன். பாகைமானி வைத்து முதல் பலகையை ஏழு பாகை சாய்த்தேன், அடுத்ததைப் பதினான்கு, அதற்கடுத்ததை இருபத்தொன்று. முடித்துப் பார்த்தால் விசிறி மாதிரி அழகாக விரிந்து நிற்கிறது. உதாரணமாக, கையெழுத்து நன்றாக வரும் பையனைக் கிறுக்கச் சொல்லுங்கள்; கிறுக்கலும் கோட்டுக்கு மேலேயே உட்காரும். துருவைச் சம இடைவெளியில் புள்ளி புள்ளியாக வைத்தேன். “கோட்டைக்கு அம்மை போட்டாப்ல இருக்கு” என்றாள் உங்கள் அத்தை.

நான்காம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “சாப்பாட்டு மேசையில சாப்பிட்டு நாலு நாளாச்சு, தள்ளுங்க” என்று கையிலிருந்த துடைப்பத்தால் ஒன்று வைத்தாள் பாருங்கள்! கோபுரம் ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கி நின்றது. வேலிக் குச்சிகள் ஆளுக்கொரு திசை பார்த்தன. மண்டையோடுகள் வரிசையை விட்டு ஓடின. என் ஆறிப்போன காபி தகரத்தின் மேல் கவிழ்ந்து, நான் மூன்று வருடம் முயன்றாலும் வராத துரு ஒரு நிமிடத்தில் வந்தது. உடனே மகளுக்குக் காட்டினேன்.

“அச்சு அசல் அவரு செஞ்ச மாதிரியே இருக்கு! யாருப்பா செஞ்சது?”

“உங்கம்மா. ஒரே அடி.”

“அதானே பார்த்தேன்.”

ஆகவே கோட்டை பழையபடி ஆகிவிட்டது, கவலை வேண்டாம். செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டேன், மன்னியுங்கள். இனி உங்கள் பொருள் எதையும் நிமிர்த்த மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். உங்கள் ஓர்க் சேனை குண்டாந்தடியோடு நீடூழி வாழ்ந்து பரிசைத் தட்டிக்கொண்டு வரட்டும்.

ஆசிகளுடன்,
மாமா

பி.கு.: பெட்டியில் வைக்கும்போது வாசல் பலகை ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அதை மட்டும்தான் நேராக்கினேன். அது நேரானதும் பக்கத்துப் பலகை கோணலாகத் தெரிந்தது. அப்புறம் அதற்குப் பக்கத்துப் பலகை. இப்போது கோட்டை மறுபடியும் தபால் ஆபீஸ். பார்சல்காரர் வாசலில் மணி அடிக்கிறார். உங்கள் அத்தை துடைப்பத்தோடு வந்து “தள்ளுங்க” என்கிறாள். தள்ளி நிற்கிறேன் மாப்பிள்ளை, ஆறிய காபியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு.