மாப்பிள்ளை பழுதுபார்த்த தேங்காய் மண்டி

புது மாப்பிள்ளையிடம் எதையும் பழுதுபார்க்கக் கொடுக்கக் கூடாது. தனக்குத் தெரியாது என்று அவன் சொல்ல மாட்டான். அவனுக்குத் தெரியவில்லை என்று சுற்றியிருப்பவர்களும் சொல்ல மாட்டார்கள். நான் அனுபவப்பட்டவன்.

மதுரையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் வியாபார சாஃப்ட்வேரை வாங்கியவர்கள், "டேபிள் லாக்குன்னு எர்ரர் வருது, பில் சேவ் ஆகல" என்று போன் செய்வார்கள். "வேற யாராச்சும் பில்லைத் திறந்து வச்சிருக்காங்களா சார்?" என்று கேட்பேன். திறந்து வைத்திருப்பார்கள்; ஒருவர் திறந்து வைத்தால் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். மூடச் சொல்வேன். சரியாகிவிடும். இந்த ஒற்றைக் கேள்விக்குத்தான் சம்பளம். பெண் பார்க்கப் போனபோது இதை 'டேட்டாபேஸ் எக்ஸ்பர்ட்' என்று சொல்லியிருந்தோம். (சொன்னது அம்மா. மறுக்காதது நான்.)

ஆடி விருந்துக்கு வாடிப்பட்டிக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, வீட்டை ஒட்டியே தேங்காய் மண்டி. அங்கேயும் எங்கள் சாஃப்ட்வேர்தான். அன்று வெள்ளிக்கிழமை. காலையில் பில் போடும் செல்வி அக்கா ஓடிவந்தார்.

"எந்த பில்லும் சேவ் ஆகமாட்டேங்குதுண்ணே. டேபிள் லாக்குன்னு வருது."

வாசலில் லாரி நின்றது. அழகர்கோவில் ஆடித் திருவிழாக் கடைகளுக்கு மதியத்துக்குள் தேங்காய் போய்ச் சேர வேண்டும். பில் இல்லாமல் லாரி கிளம்பாது. தாமதமானால் கடைக்காரர்கள் வேறு மண்டியில் வாங்கிக்கொள்வார்கள்.

மாமா என்னைப் பார்த்தார். என் மனைவி பவித்ராவும் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

"மாப்ள, ஒரு விசயம். ராகு காலம் பொறக்குறதுக்கு முன்னாடி நான் என் ரூம்ல..."

"நீங்க பதட்டப்படாதீங்க மாமா. இது டேபிள் கரப்ட் ஆன கேஸ்" என்றேன்.

மாமா உடனே வாயை மூடிக்கொண்டார். செல்வி அக்காவும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு (தேவையே இல்லை) சர்வரை அணைத்துப் போட்டேன். 'ரிப்பேர்' என்ற பொத்தானை அழுத்தினேன். தொடங்கினால் நிறுத்த முடியாது என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதைப் படிக்காமலே 'யெஸ்' கொடுத்தேன்.

திரையில் ஒரு பச்சைக்கோடு ஊர்ந்தது. டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் எம்புட்டு நேரம்ணே?" என்றார். கோடு கால்வாசி கூட நகரவில்லை. மூலைக்குப் போய், குரலை மாற்றிக்கொண்டு எங்கள் ஆபீஸ் ஹெல்ப்லைனுக்கே போன் போட்டேன். பக்கத்து சீட் நண்பன்தான் எடுத்தான்.

"வேற யாராச்சும் பில்லைத் திறந்து வச்சிருக்காங்களா சார்?"

என் கேள்வி, என் ராகத்திலேயே ஸ்பீக்கரில் ஒலித்தது. (பதட்டத்தில் அதை அழுத்தியிருந்தேன்.) திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே மாமா, பவித்ரா, செல்வி அக்கா மூவரும் நிற்கிறார்கள்.

"நான்தான் மாப்ள, என் ரூம் கம்ப்யூட்டர்ல தொறந்து வச்சேன்" என்றார் மாமா. "ராகு காலத்துல லோடு பில்லு ஆரம்பிக்கக் கூடாதுல்ல. அதுக்கு முன்னாடியே பேரை மட்டும் போட்டு வச்சுட்டேன். லோடு ஏத்தி முடிஞ்சதும் சேவ் பண்ணலாம்னு."

"ஏன் மாமா சொல்லல?"

"மாப்ள பேசையில குறுக்க பேசுனா நல்லாவா இருக்கும்?"

போனில் நண்பன் தொடர்ந்தான். "திறந்திருந்தா மூடினாப் போதும். ரிப்பேர் மட்டும் ஓட்டிறாதீங்க சார், அது சாயங்காலம் வரைக்கும்..." சட்டென்று நிறுத்தினான். "டேய், நீயாடா?"

லாரி சாயங்காலம் போய், ஏற்றிய தேங்காயோடு அப்படியே திரும்பி வந்தது. அவமானத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இறக்கியாக வேண்டியிருந்தது. மாமியார் தேங்காய்ச் சோறு, தேங்காய்ப்பால், தேங்காய்த் துவையல் என்று அடுக்கினார். "மாப்ளைக்கு இன்னொரு கரண்டி வைங்கம்மா, அவர் சம்பாதிச்சதுதானே" என்றாள் பவித்ரா. அவளுக்குக் குறுக்கே பேச உரிமை உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போதும் வீட்டில் மிக்சி ஓடாவிட்டால், நான் எழுந்திருக்கும் முன்பே, "யாராச்சும் திறந்து வச்சிருக்காங்களா சார்?" என்று கேட்பாள். மாமா மட்டும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான் மண்டிக்குள் நுழைந்தால் எல்லாரும் எழுந்து நின்று, கையோடு கம்ப்யூட்டர்களையும் அணைத்துவிடுகிறார்கள். கேட்டால், "எல்லாம் ஒரு மரியாதைதான் மாப்ள" என்கிறார்.