இரண்டு கத்தியோடு பெண் பார்த்த கதை

மடக்குக் கத்தி என்றால் எனக்குப் பைத்தியம். யாரையும் குத்துவதற்காக இல்லை (எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவேன்). ஒரே கம்பெனி, ஒரே மாடல் கத்தி இரண்டை வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். கூருக்காகத் தேய்த்திருக்கும் சரிவு ஒன்றில் கொஞ்சம் ஏறியிருக்கும், இன்னொன்றில் தாழ்ந்திருக்கும். மயிரிழை வித்தியாசம்தான். அதைப் பார்த்துக்கொண்டே சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருப்பேன். கள்ளக்குறிச்சியில் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டியிருக்கிறேன். "ரெண்டும் ஒண்ணுதானங்க. என் போன் இன்னா ஆச்சு?" என்பார்கள்.

ரிஷிவந்தியத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய காலையில்தான் புது ஜோடியின் இரண்டாவது கத்தி கூரியரில் வந்தது. வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. பாக்கெட்டுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டேன்.

பெண் பெயர் கோமதி. கேசரி, காபி முடிந்ததும் "ரெண்டு பேரும் பேசிக்கட்டும்" என்று பெரியவர்கள் வாசலுக்குப் போனார்கள். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு இன்னா புடிக்கும்?"

சினிமா என்று சொல்லியிருக்கலாம். நான் இரண்டு கத்தியையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் அலறவில்லை. இரண்டையும் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேற, அது வேறங்க. இது முனைகிட்ட தடிச்சிக்கினு போவுது. ரெண்டும் ஒரே ஆளு தீட்டனதா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் பழத்தட்டிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து இரண்டாலும் நறுக்கினாள். "பாருங்க, இது வழுக்கிக்கினு எறங்குது. அது பொளக்குது. ருசிகூட வேறயா கீது!" என்று சிரித்தாள். அந்த நிமிஷமே தாலி கட்டச் சொல்லியிருந்தால் கட்டியிருப்பேன்.

சந்தோஷத்தில் கத்திகளை வாங்கிக்கொண்டு எழுந்து, கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பிடித்து, "இன்னும் கிட்ட வந்து பாருங்க!" என்றேன். அந்த நேரம் பார்த்து அவள் அப்பா தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தார்.

செம்பு விழுந்தது. "அய்யோ, பொண்ண குத்தறான்டா!"

வாசல் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. "இல்லப்பா, சும்மா காட்டிக்கினு இருந்தாருப்பா" என்று கோமதி கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அவள் மாமா உலக்கையோடு வந்தார். விளக்கம் சொல்லக் கையை நீட்டினேன் (கையில்தான் கத்தி இருந்ததே!). மாமா சோபா மேல் ஏறிக்கொண்டார். என் அக்கா காலரைப் பிடித்து என்னை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள். என் செருப்பில் ஒன்று அந்த வாசலிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் அக்கா போன் போட்டு மன்றாடினாள். "கத்தி எடுத்துக்கினு வந்தவனுக்கா பொண்ணு?" என்று வைத்துவிட்டார் கோமதியின் அப்பா. அடுத்த தை மாதத்தில் கோமதிக்குச் சேலம் பக்கம் கல்யாணம் ஆகிவிட்டது.

எனக்கு இன்னும் ஆகவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் கல்வராயன் மலை ஏறுவேன். வெள்ளிமலையில் கொய்யா வாங்கி, சேலத்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்து இரண்டு கத்தியாலும் நறுக்குவேன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. சொல்லத்தான் ஆளில்லை.

சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் அக்கா புருஷன் வாசலிலேயே என் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார். "இன்னிக்கி மாப்ள கத்தி கம்மியாத்தான் எடுத்தாந்துகீறாரு, உள்ள வுடுங்க!" பந்தலே சிரிக்கும். உலக்கை, சோபா எல்லாவற்றையும் அக்கா நடித்தே காட்டுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்றைக்கு அவ்வளவு நேரம் உள்ளே நானும் கோமதியும் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.